வண்டு ஆட்டமும் என் ஓரகத்தியும்

சினேகாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு நாக்கு புரளாது. ஆனாலும் அவளைப் பற்றிச் சொல்ல என்னை விட்டால் ஆள் கிடையாது. அவள் எத்தனை மணிக்கு எழுந்தாள், எந்தக் கையால் கரண்டி பிடித்தாள், யார் பேசினால் சிரித்தாள், யார் பேசினால் சும்மா தலையாட்டினாள், அத்தனையும் எனக்கு அத்துப்படி. பாசமாகப் பார்க்கிறவர்கள் பாதியைக் கவனிக்க மாட்டார்கள். வயிறு எரிகிறவளுக்கு ஒன்றும் தப்பாது. இரண்டு வருஷம் நான் அந்தக் கண்ணோடுதான் அவளைப் பார்த்தேன். இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது?

அவள் என் ஓரகத்தி. என் வீட்டுக்காரர் ரகுபதியின் தம்பி பிரகாஷுக்கு வாக்கப்பட்டு வந்தவள். அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே விசைப்படகில் வேலை. திருவொற்றியூர் குப்பத்தில் ஒரே வீடு, முன்பக்கம் எங்களுக்கு, பின்பக்கம் அவர்களுக்கு. காசிமேட்டுத் துறைமுகத்தில் ஐஸ் பேக்டரி மதிலை ஒட்டி எங்களுக்கு ஒரு நாஷ்டா கடை உண்டு. விடியும்போது இட்லியும் வடகறியும், பதினொரு மணிக்கு மேல் சோறும் மீன் குழம்பும். அந்த அடுப்பின் முன்னால் நான் நின்றது பதினேழு வருஷம். என் பெயர் மங்கம்மா. இதை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்பது போகப் போகப் புரியும்.

எங்கள் கடையில் ஒரு ஆட்டப் பெட்டி இருக்கிறது. ஆறு வருஷத்துக்கு முன்னால், கப்பல்காரர்கள் வந்து பொழுது போக்கும் பழைய கிளப் ஒன்றை இடித்தார்கள். அங்கிருந்த சாமான்களை ராயபுரத்தில் பழைய இரும்பு வாங்கும் லியாகத் அலி பாய் எடுத்தார். ஆளுயரப் பெட்டி, நடுவில் டிவி, அதற்குக் கீழே ஒரு கைப்பிடி, பக்கத்தில் ஒரு பொத்தான். உடைத்து விற்க மனசு வராமல் பாய் அதை எங்கள் கடையில் கொண்டுவந்து இறக்கினார். ஜப்பான்காரன் நாற்பது வருஷத்துக்கு முன்னால் செய்த ஆட்டம், பெயர் கேலகா என்றார். அந்தப் பெயர் எங்கள் பக்கத்தில் யார் வாயிலும் நிற்கவில்லை. வண்டு ஆட்டம் என்றே ஆகிவிட்டது. காசு போடும் துளை நம் நாணயத்தை ஏற்காததால், என் வீட்டுக்காரர் அதைப் பிடுங்கிவிட்டு ஒரு காலிங் பெல் பொத்தானைப் பொருத்தினார். சாப்பிட்டு முடித்தவர்கள் அதை அமுக்கி ஒரு ஆட்டம் ஆடலாம்.

ஆட்டம் ரொம்ப எளிது, வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு. கறுப்பு ஆகாயம். கீழே வெள்ளையாக நம் கப்பல். அது இடமும் வலமும் போகும், மேலே ஏறாது. பொத்தானை அமுக்கினால் குண்டு பாயும். ஒரே நேரத்தில் இரண்டு குண்டுதான், அவை படுவதற்கோ திரையைத் தாண்டுவதற்கோ முன்னால் மூன்றாவது வராது. அதனால் கண்டபடி சுடுகிறவன் சீக்கிரம் சாவான். மேலிருந்து வண்டுகள் வளைந்து வளைந்து வந்து வரிசை கட்டி நிற்கும். கீழே தேனீக்கள், நடுவில் சிவப்புப் பட்டாம்பூச்சிகள், உச்சியில் பச்சையாக நாலு பேர். வேலை செய்யாமல் மேலே உட்கார்ந்திருப்பதால் அந்த நாலு பேருக்கும் எங்கள் பையன்கள் ‘ஓனர்’ என்று பெயர் வைத்தார்கள். வரிசை கட்டிய பிறகு ஒவ்வொன்றாகப் பிரிந்து, குண்டு போட்டுக்கொண்டே நம் தலைமேல் பாயும். எல்லாவற்றையும் அடித்துத் தீர்த்தால் அடுத்த கூட்டம் வரும். நம்மிடம் மொத்தம் மூன்று கப்பல். இருபதாயிரம் எடுத்தால் ஒன்று கூடும், எழுபதாயிரத்தில் இன்னொன்று.

ஓனர் ஒரு அடியில் சாக மாட்டான். முதல் அடிக்கு நீலமாவான், இரண்டாவதுக்குத்தான் போவான். அவனிடம் இன்னொரு வேலையும் உண்டு. பாதி தூரம் இறங்கி நின்று, விசிறி போல ஒரு நீல வெளிச்சத்தை விரிப்பான். எங்களுக்கு அது வலை. அதில் நம் கப்பல் சிக்கினால் சுழன்றுகொண்டே மேலே போய், சிவப்பாக மாறி, அவன் பக்கத்தில் நின்றுவிடும். ஓனர் வலை விரித்தால் நான் அடித்துக் கொல்வேன், இல்லையென்றால் விலகி ஓடுவேன். என்னுடையதை இன்னொருத்தன் இழுத்துக்கொண்டு போக விட்டதே இல்லை.

இன்னொன்று. அந்தப் பெட்டிக்கு ஞாபகம் கிடையாது. அதிகம் எடுத்த ஐந்து பேரின் பெயரை, ஆளுக்கு மூன்று இங்கிலீஷ் எழுத்தாகத் திரையில் வைத்திருக்கும். கரண்ட் போனால் எல்லாம் அழிந்து, மறுபடி அது தானாகப் போட்டுக்கொள்ளும் இருபதாயிரத்தில் வந்து நிற்கும். எங்கள் கடைக்கு ஐஸ் பேக்டரியிலிருந்துதான் லைன். அங்கே ஜெனரேட்டர் உண்டு, இடையில் போகிற அந்த ஒரு நொடிக்கு என் வீட்டுக்காரர் ஒரு இன்வெர்ட்டரை வைத்தார். அதனால் பெட்டி நிற்கவே நிற்காது. வருஷத்தில் ஒரு தரம் மட்டும் நிற்கும். ஏப்ரல் பதினைந்தில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும். அறுபத்தொரு நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, ஐஸுக்கும் வேலை இல்லை. அன்று சாயங்காலம் நாலு மணிக்கு பேக்டரியை நிறுத்தி மிஷின்களைக் கழற்றிப் போடுவார்கள். நாங்களும் கடையை மூடுவோம். ஜூன் பதினைந்தில்தான் மறுபடி திறப்பு.

முதல் வருஷம் என் வீட்டுக்காரர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. கடைக்கு அதுவரை பெயர் கிடையாது. “ஐஸ் பேக்டரி நிக்கிற அன்னிக்கு யாரு மேல கீறானோ அவன் பேருதான் ஒரு வருஷத்துக்குக் கடைப் பேரு” என்று பத்து பேர் நடுவில் சொல்லிவிட்டார். துறைமுகத்தில் எல்லாமே வாய்ச்சொல்லில் நடக்கிற வியாபாரம், சொன்னதை மாற்றினால் மறுநாள் தலை காட்ட முடியாது. ஜெயித்தவன் வேம்பு, ஐஸ் கட்டி உடைக்கிறவன். தடைக்காலத்தில் படகுக்கு நம்பர் எழுத வரும் பெயின்டர் சின்னப்பையன், பெரிய பலகையில் ‘வேம்பு நாஷ்டா கடை’ என்று எழுதி மாட்டினான்.

மாவாட்டினது நான். மீன் கழுவினது நான். பலகையில் வேம்பு. கன்டெய்னர் லாரி டிரைவர் ஒருவர் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது, “குழம்பு சோக்கா கீதும்மா. வேம்பு சம்சாரமா நீ?” என்று கேட்டார். எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்கு மதியம் கடை காலியானதும் முதல் முறையாக அந்தக் கைப்பிடியைப் பிடித்தேன்.

அதுவரை என் பெயரை யாரும் எழுதி நான் பார்த்தது ரேஷன் கார்டில்தான். குப்பத்தில் நான் ரகு பொண்டாட்டி, துறைமுகத்தில் இட்லிக்காரம்மா. எட்டாவதோடு நின்றவள். எம், என், ஜி என்ற மூன்று எழுத்தை அந்தத் திரையில் ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். மறு வருஷம் ஏப்ரலில் பலகை ‘மங்கம்மா நாஷ்டா கடை’ ஆனது. அதற்கடுத்த இரண்டு வருஷமும் அதே. நாலாவது வருஷமும் என்னிடமிருந்து யாரும் பிடுங்கிவிட மாட்டார்கள் என்று நிம்மதியாக இருந்தபோதுதான், அந்த ஆவணி மாதத்தில் சினேகா மருமகளாக வீட்டுக்கு வந்தாள்.

அத்திப்பட்டுப் பக்கம் அவள் ஊர். அப்பா அனல் மின் நிலையத்தில் நிலக்கரி பெல்ட்டில் ஒப்பந்த வேலை பார்த்தவர். இரண்டு வருஷம் காலேஜ் போனவள், அப்பாவுக்கு நெஞ்சில் கோளாறு வந்ததும் நின்றுவிட்டாள். ஒல்லியாக, அமைதியாக, கேட்டால் மட்டும் பதில் சொல்கிறவளாக வந்தாள். வந்த மூன்றாம் நாளே கடைக்கு வந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள். பாவம் பிள்ளை என்றுதான் நினைத்தேன். அந்த நினைப்பு ஒரு வாரம் இருந்தது.

ஒரு நாள் எனக்குக் காய்ச்சல். குழம்பு அவள் வைத்தாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்த என் வீட்டுக்காரர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இன்னிக்கு ரெண்டாவது தபா சோறு வாங்கித் துன்னாங்க மங்கா. அந்தப் பொண்ணு கையில ஏதோ கீது” என்றார். பதினேழு வருஷத்தில் என் கையில் எதுவும் இருந்ததாக இந்த மனுஷன் சொன்னதில்லை. காய்ச்சல் அன்றைக்கே இறங்கிவிட்டது. மறுநாள் விடியும்முன் நான் அடுப்படியில் நின்றேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கணக்கில் சேர்ந்தது. வேம்பு முதற்கொண்டு எல்லோரும் அவளைச் சின்னக்கா என்று கூப்பிட்டார்கள். பிரகாஷ் கடலிலிருந்து வந்தால் நேராகக் கடைக்கு வந்து அவளுக்கு டீ ஆற்றிக் கொடுப்பான். என் வீட்டுக்காரர் எனக்கு டீ ஆற்றிக் கொடுத்த நாள் எனக்கு நினைவில்லை, அவருக்கும் இருக்காது. மதியம் இரண்டு மணிக்கு அவள் கை கழுவிக்கொண்டு, பை எடுத்துக்கொண்டு, திருவொற்றியூர் தேரடியில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போவாள். “போய்ட்டு வரேங்க்கா” என்று சொல்லிக்கொண்டு பஸ்ஸுக்கு நடக்கிறவளைக் கரி பிடித்த கையோடு நின்று பார்ப்பேன்.

ஆட்டப் பெட்டியை அவள் ஒரு மாதம் தொடவே இல்லை. நான் ஆடும்போது பின்னால் நின்று பார்ப்பாள். மூச்சுகூடக் கேட்காது. ஒரு நாள் கேட்டாள்.

“ஏங்க்கா, அந்த வலையில மாட்னா இன்னா ஆவும்?”

“கப்பல் பூடும். வேற இன்னா ஆவும்.”

“பூட்டு திரும்பி வராதா?”

“வந்தா வரும். அத்த எவ பாத்துகினு இருக்கறது” என்றேன்.

அவள் பார்த்துக்கொண்டு இருந்தாள். முதல் முறை ஆடியபோது, ஓனர் வலை விரித்ததும் தானாகவே கப்பலைக் கொண்டுபோய் அதற்குள் நிறுத்தினாள். கப்பல் சுழன்று மேலே போய் ஓனர் பக்கத்தில் சிவப்பாக நின்றது. நான் வயிறு குலுங்கச் சிரித்தேன். “கையில கீறதக் கூப்ட்டுக் குட்த்துட்டாடா இவ” என்று வேம்புவிடம் சொன்னேன். அவள் அடுத்த கப்பலை எடுத்துக்கொண்டு பொறுமையாக நின்றாள். அந்த ஓனர் சிவப்புக் கப்பலையும் கூட்டிக்கொண்டு கீழே பாய்ந்தான். பாயும்போது ஓனரை மட்டும் குறி பார்த்து அடித்தாள். அவன் செத்ததும் சிவப்புக் கப்பல் வெள்ளையாகிக் கீழே இறங்கி வந்து, அவளுடைய கப்பலின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டது. இப்போது அவளுக்கு இரண்டு கப்பல், பக்கத்தில் பக்கத்தில். ஒரு பொத்தானுக்கு இரண்டு குண்டு. கூட்டம் கூட்டமாக வண்டுகள் செத்து விழுந்தன. நடுநடுவே, சுடாமல் வெறுமனே வளைந்து பறந்து போகும் கூட்டம் ஒன்று வரும். அந்த நாற்பதையும் ஒன்று விடாமல் அடித்தால் பத்தாயிரம் கூடுதல். அத்தனை வருஷம் ஆடியும் எனக்கு அது இரண்டே தடவை கிடைத்தது. அவளுக்கு அன்றைக்கே கிடைத்தது.

அடுத்து வந்த ஏப்ரலில் நான்தான் முதலில் இருந்தேன். ஆனால் எனக்கு நேர் கீழே எஸ், என், இ என்று அவள் பெயர் இருந்தது. சின்னப்பையன் பலகையில் என் பெயருக்குப் புதுச் சாயம் பூசும்போது என் கண் அந்த இரண்டாவது வரியிலேயே இருந்தது.

அடுத்த பருவத்தில் நான் செய்ததையெல்லாம் சொன்னால் என்னைக் காறித் துப்புவீர்கள். துப்புங்கள். அவள் பெட்டி முன்னால் நிற்கிறாள் என்றால் எனக்கு உடனே ஏதாவது வேலை ஞாபகம் வரும். “சினேகா, சட்னிக்குத் தேங்கா துருவல இன்னும்” என்பேன். ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு வருவாள். முகம் சுளித்தாலாவது எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சுளிக்க மாட்டாள். ஒரு தடவை அவளிடம் இரண்டு கப்பல் சேர்ந்திருந்த நேரம் பார்த்து, பாத்திரம் ஒன்றை வேண்டுமென்றே கீழே போட்டேன். திரும்பினாள், இரண்டு கப்பலும் அடுத்தடுத்துப் போயின. “கையில சுட்டுக்கினீங்களாக்கா?” என்று ஓடி வந்து என் கையைப் பிடித்துப் பார்த்தாள். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் மறுபடி பொறாமை வந்துவிட்டது.

டிசம்பரில், நான் சைதாப்பேட்டையில் ஒரு சாவுக்குப் போயிருந்த நாளில், அவள் ஒரு லட்சத்து முப்பத்து நாலாயிரம் எடுத்துவிட்டாள். என்னுடையது ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம். திரும்பி வந்து பார்த்தால் முதல் வரியில் எஸ், என், இ. கடையில் இருந்த ஒருத்தரும் என்னிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. என் வீட்டுக்காரர்தான் ராத்திரிச் சோற்றின் நடுவில், “அடுத்த வருசம் சினேகா நாஷ்டா கடைதான் போல” என்று சிரித்தார். தட்டை வைத்துவிட்டு எழுந்தேன். “பதினேழு வருசமா உன் கடையில வெந்தேன்யா. நேத்து வந்தவ பேரு எழுதுவியா?” என்றேன். “நீ தான் மேல வாயேன், யார் வாணான்னா?” என்றார். அவருக்கு அது விளையாட்டு.

எனக்கு அது விளையாட்டாக இல்லை. அந்தப் பலகையில் இருந்து என் பெயர் இறங்கினால், நான் மறுபடியும் இட்லிக்காரம்மா. மேலே தொங்கப்போவது அவள் பெயர். அதற்குக் கீழே நின்று நான் வடை சுட வேண்டும். இதை நினைத்தால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். மூன்று மாதம் விடியும்முன் வந்து ஆடினேன், கடை மூடிய பிறகு நின்று ஆடினேன். ஒரு லட்சத்து இருபதைத் தாண்ட முடியவில்லை. ஒற்றைக் கப்பலை வைத்துக்கொண்டு அதற்கு மேல் போக முடியாது என்று எனக்கே தெரிந்துவிட்டது. அவள் வழியில்தான் ஆட வேண்டும். அதற்கு மனசு வரவில்லை.

ஏப்ரல் பதினைந்து வந்தது. முதல் நாளே எல்லாப் படகும் கரை வந்து கட்டியாகிவிட்டது. கடையில் அடுப்பு அணைத்து, பாத்திரம் அடுக்கி, பெஞ்சுகளைக் கவிழ்த்து வைத்தோம். மணி இரண்டரை. சின்னப்பையன் பழைய பலகையைக் கழற்றி, என் பெயரின் மேல் வெள்ளை அடித்து, வெயிலில் காயப் போட்டிருந்தான். வேம்பு, பாய், பிரகாஷ், என் வீட்டுக்காரர், இன்னும் ஏழெட்டுப் பேர் பெட்டியைச் சுற்றி நின்றார்கள். நான் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு போய் நின்றேன்.

நன்றாகத்தான் போனது. எண்பதாயிரம், தொண்ணூறு, ஒரு லட்சம். ஒரு லட்சத்துப் பதினாறில் என்னிடம் இருந்தது இரண்டு கப்பல், ஆடுகிற ஒன்று, கையிருப்பு ஒன்று. அப்போது ஓனர் ஒருத்தன் இறங்கி வலை விரித்தான். பல்லைக் கடித்துக்கொண்டு என் கப்பலை அதற்குள் கொண்டுபோனேன். என் பின்னால் யாரோ மூச்சை இழுப்பது கேட்டது. கப்பல் சுழன்று மேலே போனது. சிவப்பானது. அந்தப் பச்சைக்காரன் பக்கத்தில் ஜோடியாக நின்றது.

கடைசிக் கப்பல் வந்தது. ஓனர் என்னுடையதைக் கூட்டிக்கொண்டு கீழே பாய்ந்தான். “மெதுவாக்கா, பச்சையப் பாருங்க” என்று சினேகா பின்னால் இருந்து சொன்னாள். பச்சையைத்தான் பார்க்க வேண்டும், எனக்கும் தெரியும். ஆனால் ஐந்து வருஷமாக இந்தக் கை சிவப்பைக் கண்டால் சுட்டுப் பழகிய கை. சிவப்பு என்றால் பட்டாம்பூச்சி, அடி. ஒரு நாளும் நான் கப்பலை விட்டதில்லையே, சிவப்பில் என்னுடையதும் ஒன்று இருக்கும் என்று இந்தக் கைக்கு எப்படித் தெரியும்? அடித்தேன். என் கப்பலை நானே அடித்தேன். அது வெடித்துப் போனது. மிரண்டு நின்ற நொடியில் ஓனரும் என் மேல் விழுந்தான். ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம். திரையில் எத்தனை சுட்டேன், எத்தனை பட்டது என்று கணக்குக் காட்டியது. நான் அதைப் படிக்கவில்லை.

நான் போய் கவிழ்த்து வைத்த பெஞ்சு ஒன்றை நிமிர்த்தி உட்கார்ந்தேன். மணி மூன்று அடிக்க இருந்தது. அப்போது சினேகா பெட்டிக்கு முன்னால் போய் நின்று காலிங் பெல் பொத்தானை அமுக்கினாள்.

எனக்குக் காதில் புகை வந்தது. ஏற்கெனவே முதலில் இருக்கிறாள், எதற்கு இன்னொரு ஆட்டம்? செத்த பாம்பை அடிக்கிற புத்தி என்று நினைத்தேன். எழுந்து போய் பிளக்கைப் பிடுங்கிவிடலாமா என்றுகூட எண்ணம் வந்தது. பிடுங்கினால் அவள் பெயரும் இருக்காது, என் பெயரும் இருக்காது. கை அரித்தது. எல்லோரும் நிற்கிறார்களே என்ற வெட்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் கப்பலைக் கொடுத்தாள், வாங்கினாள், இரட்டையாக நின்று அடித்தாள். ஒரு பதற்றம் இல்லை. முக்கால் மணி நேரத்தில் ஒரு லட்சத்து நாற்பத்தொன்று ஆனது. அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக எல்லாவற்றையும் இழந்தாள். பெயர் போடச் சொல்லிப் பெட்டி மணியடித்தது. அவள் கைப்பிடியைத் திருப்பி மூன்று எழுத்தைப் போட்டாள்.

“அக்கா” என்று வேம்பு என்னைக் கூப்பிட்டான். குரல் ஒரு மாதிரி இருந்தது. போய்ப் பார்த்தேன். முதல் வரியில் எம், என், ஜி என்று இருந்தது. அதற்குக் கீழே எஸ், என், இ.

சின்னப்பையன் பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். “இப்ப நான் இன்னாத்த எழுதறது?”

“திரையில இன்னா கீதோ அத்த எழுதுப்பா” என்றாள் சினேகா. நான் வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். மானம் உள்ளவள் சொல்லியிருப்பாள். நான் சொல்லவில்லை. நாலு மணிக்கு பேக்டரி சத்தம் அடங்கியது, என் வீட்டுக்காரர் இன்வெர்ட்டரையும் அணைத்தார், திரை இருட்டானது.

குழாயடியில் அவள் கடைசிப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். பின்னாலேயே போனேன்.

“இன்னாடி, எனக்குப் பிச்ச போடுறியா?”

“பிச்ச இன்னாத்துக்குக்கா” என்றாள், தலை நிமிராமல். “அடுத்த மாசம் மணலி புதுநகருக்குப் போறோம். அங்க கன்டெய்னர் ஆபீஸ் ஒண்ணுல எனக்கு வேல கெடச்சிருக்கு. அவுருக்கும் அங்கயே ஒரு வேல பாத்தாச்சு. போன வாரம்தான் முடிவாச்சு. உங்க கைல எப்டி சொல்றதுன்னு தெரில.”

“அப்ப இந்தக் கடை?”

“உங்க கடைதானக்கா. நான் இல்லாத எடத்துல என் பேரு எதுக்கு? நாலு பேரு வந்து சினேகா யாருன்னு கேட்டா உங்களுக்குத்தான் பேஜாரு.”

நான் விடாமல் கேட்டேன். “அப்ப ரெண்டு வருசமா என்கூட மல்லுக்கு நின்னியே, அது எதுக்கு?”

அவள் குழாயை மூடினாள். உண்மையாகவே யோசித்தாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. “மல்லுக்கு எங்கக்கா நின்னேன்? ஆட்டம் நல்லா இருந்துச்சு, ஆடினேன். பலகையப் பத்தி நான் நெனச்சதே இல்ல.” பாத்திரத்தைத் துடைத்து என் கையில் கொடுத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு பிரகாஷோடு பஸ்ஸுக்குப் போனாள்.

இப்போது ஜூன் மாதம். கடை திறந்தாகிவிட்டது, மேலே புதுச் சாயத்தில் என் பெயர் பளிச்சென்று தொங்குகிறது. படகுக்காரர்கள் சாப்பிட வந்தால் முதலில் கேட்பது சின்னக்கா எங்கே என்றுதான். மணலியில் ஆபீஸ் வேலை, நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிற வேலை என்று நானே சொல்கிறேன். சொல்லும்போது வயிறு எரிகிறது. இரண்டு வருஷம் நான் ஒருத்தியோடு போட்டி போட்டேன், அவள் என்னோடு போட்டி போடவே இல்லை. நான் சோறு தண்ணி இல்லாமல் பிடித்துக்கொண்டு கிடந்த பலகையை, அவள் துடைத்த பாத்திரத்தைப் போல என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.